நாகமான் கேட்ட இரண்டு பொதி மண்

அன்புள்ள ஐயா,

அந்நிய தேவர்களின் பலிபீடங்களை இடித்துவிட்டு, கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில் மட்டும் பலியிட வேண்டும் என்கிறது உபாகமம் 12. ஆனால் தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் பலியிடுகிறார். அவருக்குப் பின்வந்த எலிசாவோ, தம்மால் குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானாகிய ராஜாவோடு அந்நிய தேவனான ரிம்மோனின் கோவிலில் பணிய வேண்டியிருக்கிறது என்று சொன்னபோது, அவனைச் ‘சமாதானத்தோடே போ’ என்று அனுப்பிவிடுகிறார். அது வெறும் வழியனுப்பும் வார்த்தை, அனுமதி அல்ல என்று எங்கள் சபை ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். தங்கள் கருத்து என்ன?

தே.

அன்புள்ள தே.,

உங்கள் ஐயர் சொன்னது பாதி சரி. எபிரேயத்தில் அது வழக்கமாக விடைகொடுக்கும் சொல்தான். ஆனால் ஒரே மூச்சில் இருமுறை மன்னிப்புக் கேட்டு நிற்பவனுக்கு மறுப்பாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடைகொடுக்கும் இதே எலிசாதான், அந்த அதிகாரத்தின் முடிவில், நாகமானின் வெள்ளிக்கும் வஸ்திரத்துக்கும் ஆசைப்பட்ட தம் வேலைக்காரன் கேயாசியைக் குஷ்டரோகியாக்கி அனுப்புகிறார். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமல் விடுகிறவர் அல்லர் அவர்.

அதைவிட என்னை ஈர்ப்பது நாகமான் கேட்கும் மண். இனிக் கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று சொல்லி, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரவேலின் மண்ணைக் கொண்டுபோக அனுமதி கேட்கிறான். எதற்கென்று அவன் விளக்காவிட்டாலும், மண்ணினால் பலிபீடம் செய்யச் சொல்லும் யாத்திராகமம் 20:24ஐ அறிந்தவர்களுக்கு அது விளங்கிவிடும். கர்த்தர் தம் நாமத்தை விளங்கச் செய்யும் இடங்கள் பல என்பது அந்த வசனத்தின் எண்ணம். உபாகமத்தின் சட்டமோ வேறு காலத்தின் குரல். ஆய்வாளர்கள் பலர் அதைக் கி.மு. 622ஐ ஒட்டி யூதாவின் அரசன் யோசியா, எருசலேமுக்கு வெளியே பலியிடப்பட்டு வந்த மேடைகளை இடித்ததோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எலியாவும் எலிசாவும் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தியவர்கள். கர்மேலில் எலியா செய்தது, இடிந்து கிடந்த கர்த்தருடைய பீடத்தைச் செப்பனிட்டது. பிறகு ஓரேப் மலையில், உம்முடைய பலிபீடங்களை இடித்துவிட்டார்களே என்று பன்மையிலேயே முறையிடுகிறார். உபாகமத்தின்படி இருக்கவே கூடாதவற்றுக்காக ஒரு தீர்க்கதரிசி அழுகிறார்!

அகழாய்வுகளும் இதையே காட்டுகின்றன. யூதாவின் தெற்கே ஆராத் கோட்டைக்குள் 1960களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி கண்டெடுத்த கோவிலின் பீடம், யாத்திராகமத்தின் சட்டம் சொன்னபடி உளிபடாத கற்களால் ஆனது. பெயெர்செபாவில் 1973இல் கிடைத்த கொம்புள்ள பீடமோ செதுக்கிய கற்களால் ஆனது. அதை யாரோ பிரித்து, கற்களை ஒரு கிடங்கின் சுவரில் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணங்கச் செய்யும் விளக்கங்களில் எனக்கு நாட்டமில்லை. வேதத்தைத் தொகுத்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இரண்டையும் விட்டுவைத்தார்கள் என்பதே என் எண்ணம். ஐயரிடம் மறுபடி பேசுவதானால் 2 இராஜாக்கள் 16ஐயும் கொண்டுபோங்கள். நாகமான் புகழ்ந்த ஆறுகள் ஓடும் அதே தமஸ்குவில் ஆகாஸ் ராஜா ஒரு பீடத்தைப் பார்த்து, அதன் மாதிரியை எருசலேமுக்கு அனுப்ப, அவன் திரும்புவதற்குள் ஆசாரியனாகிய உரியா அப்படியே கட்டி முடித்துவிடுகிறான். மேடைகளில் பலியிட்டதற்காக அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆகாஸைப் பழித்த ஆசிரியர், இந்தப் பீடத்தைப் பற்றி ஒரு பழிச்சொல்லும் சொல்லாமல், பழைய வெண்கலப் பலிபீடம் வடபுறத்துக்கு நகர்த்தப்பட்டதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறார்.