பழைய கோயிலில் பாடகர் குழாத்துக்குக் கண்ணை உறுத்தாத மொனிட்டர் ஸ்பீக்கர் எதை வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம்: யாழ்ப்பாணத்துப் பழைய கத்தோலிக்கக் கோயில். பீடத்துக்கு இடப்பக்கம் இரண்டு வரிசையில் பன்னிரண்டு பாடகர்கள், ஒரு கீபோட், தபேலா. தூண்களில் நீளப் பெட்டி ஸ்பீக்கர்கள். பாடுகிறவர்களுக்குக் கீபோட் சரியாகக் கேட்பதில்லை, பாட்டு இழுபடுகிறது. மொனிட்டர் (பாடுகிறவர்களுக்குக் கேட்பதற்காக அவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) வைக்கலாம், ஆனால் கச்சேரி மேடைபோலப் பீடத்தருகே கறுப்புப் பெட்டிகள் தெரியக்கூடாது என்பது அருட்பணிச்சபையின் நிபந்தனை.

அந்த நிபந்தனை நியாயமானது, ஒலிக்கும் நல்லது. பாடகருக்கு வேண்டியது சின்னப் பெட்டி, மிகக் கிட்ட. கிட்ட வைத்தால் பெட்டி சிறிதாக இருக்கலாம். சிறிதாக இருந்தால் மர இருக்கையான வாங்கின் பின்னால் மறைந்துவிடும். தூரத்தில் பெரிய பெட்டி வைக்கும் கோயில்களில்தான் பார்வையும் கெடுகிறது, கூவலும் (ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து எழும் ஊளை) வருகிறது.

கடைக்குப் போகமுன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கீபோட்டுக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறதா? யமஹா பி.எஸ்.ஆர். ஈ வரிசை போன்றவற்றில் ஹெட்போன் துளையில் வயரைச் செருகியவுடன் உள் ஸ்பீக்கர் நின்றுவிடும். கோயில் சவுண்ட் சிஸ்டத்தோடு கீபோட்டை இணைத்த நாளிலிருந்து பாடகர்களுக்கு அது கேட்காமல் போயிருந்தால் காரணம் இதுதான். தனியாக லைன் அவுட் துளை (ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் துளை) உள்ள கீபோட் என்றால், ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சருக்கு அதிலிருந்து எடுங்கள். உள் ஸ்பீக்கர் தொடர்ந்து வேலை செய்யும். கீபோட்டின் முகத்தைச் சற்றுப் பாடகர் பக்கம் திருப்பி வைத்தால், சிறிய குழாத்துக்கு அதுவே மொனிட்டர். ஒரே துளைதான் இருக்கிறது என்றால் கீழே உள்ளதைப் படியுங்கள்.

பாட்டு ஏன் இழுபடுகிறது? தூண் ஸ்பீக்கர்கள் மக்களைப் பார்த்து நிற்கின்றன. பாடகர்களுக்கு வருவது பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி. எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 25 மீற்றர் நீளக் கோயிலில் போய்த் திரும்ப 50 மீற்றர்; செக்கனில் ஏழில் ஒரு பங்கு தாமதம். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் இது ஒரு தட்டின் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தாமதத்தைக் கேட்டுப் பாடுகிறவர் தானும் தாமதிப்பார், அது அடுத்த சுற்றில் இன்னும் கூடும். முருகைக்கல்லில் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், சீமெந்து நிலம், உயர்ந்த கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிறவை. ஆகவே "கேட்கவில்லை, கூட்டுங்கள்" என்று தூண் ஸ்பீக்கரைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும். நான்கு மீற்றர் தள்ளி இருக்கும் பெட்டியை ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். வாட்டில் சொன்னால் 16 மடங்கு: அங்கே 160 வாட் செய்வதை இங்கே 10 வாட் செய்யும். 88 டெசிபெல் உணர்திறன் உள்ள (1 வாட் கொடுத்தால் 1 மீற்றரில் 88 டெசிபெல் தரும்) ஒரு சாதாரண 5 அங்குலப் பெட்டிக்கு 10 வாட் கொடுத்தால் 1.2 மீற்றரில் ஏறத்தாழ 96 டெசிபெல் வரும். கீபோட்டின் சுருதியைப் பிடிக்க இவ்வளவுகூடத் தேவையில்லை. ஆகவே பெட்டியில் அச்சிட்ட 500 வாட், 1000 வாட் இலக்கங்களைப் பார்த்து வாங்கவேண்டாம்.

வாங்க வேண்டியது 4 முதல் 6.5 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி. மக்கி எஸ்.ஆர்.எம். 150, பெரிங்கர் பி205டி இரண்டும் இந்த வகை: ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர், உள்ளேயே அம்ப் (ஒலிச் சக்தியைப் பெருக்கும் கருவி), மைக் ஸ்டாண்டில் ஏற்றலாம். கலக்சி ஓடியோவின் ஹொட் ஸ்பொட் இந்த வேலைக்கென்றே வந்த பழைய பெயர். கடையில் இவை இல்லாவிட்டால் இதே அளவுள்ள வேறு எதுவும் சரி, மூன்றைச் சோதித்தால் போதும். முதலாவது, உள்ளே காற்றாடி இருக்கக்கூடாது. இரண்டாவது, ஒலி எதுவும் கொடுக்காமல் சுவிச்சைப் போட்டு ஒரு மீற்றரில் காதை வையுங்கள். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் தெளிவாகக் கேட்டால் விடுங்கள், நற்கருணை ஆராதனையின் மௌனத்தில் அது பாடகர் எல்லாருக்கும் கேட்கும். மூன்றாவது, ஒலி பரவும் கோணம் கிடையாக 90 பாகை அளவில் இருக்கவேண்டும். 12 அங்குல, 15 அங்குல மேடை மொனிட்டர்களைத் தவிர்க்கச் சொல்வதற்குத் தோற்றம் மட்டும் காரணமில்லை. அவற்றின் அடித்தொனி எல்லாத் திசையிலும் கசிந்து கோயிலுக்குள் உருளும். முன்வரிசை மக்களுக்கு வாசகமும் பிரசங்கமும் தெளிவில்லாமல் போகும். சின்னப் பெட்டியிலும் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சுருதி பிடிக்க அடித்தொனி தேவையில்லை.

உள்ளே அம்ப் உள்ள பெட்டிக்கு இரண்டு வயர் ஓடவேண்டும், ஒன்று ஒலிக்கு, ஒன்று 230 வோல்ட் மின்சாரத்துக்கு. பழைய சுவரில் புதுப் பிளக் துளைகளை உடைக்கவேண்டி வரலாம். அம்ப் இல்லாத பெட்டிக்கு ஒரே ஒரு மெல்லிய வயர் போதும்; அம்பை மிக்சருக்குப் பக்கத்தில் வைக்கலாம். பார்வைக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனையானால் இந்த இரண்டாம் வழியையே தெரிவு செய்யுங்கள். 20 மீற்றர் ஓட்டத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 8 ஓம் பெட்டியில் அரை டெசிபெல்தான் இழப்பு. இரண்டு 8 ஓம் பெட்டிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓமுக்கு இறங்கிவிடும். 4 ஓமுக்குச் செய்த அம்ப் சூடேறி நின்றுவிடும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து. கோயில்களின் தூண் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் (பல ஸ்பீக்கர்களுக்கு நீள வயரில் உயர் வோல்ட்டில் ஒலியை அனுப்பும் முறை) ஓடுகின்றன. அகுஜா போன்ற மிக்சர் அம்பின் பின்பக்கத்தில் 4, 8, 16 ஓம், 100 வோல்ட் என்று வரிசையாகத் திருகாணிகள் இருக்கும். பக்கத்தில் போகும் தூண் ஸ்பீக்கர் வயரில் 8 ஓம் மொனிட்டரை நேரே கொழுவினால் மொனிட்டர் எரியும், அம்பும் போகலாம். எரியாவிட்டாலும் பயனில்லை: மக்களுக்குப் போகும் அதே கலவைதான் பாடகர்களுக்கும் போகும்.

உண்மையில் இந்தக் கலவைதான் முழு விடயத்தின் உயிர். மொனிட்டருக்குள் என்ன போகவேண்டும்? கீபோட், முன்பாடகரின் குரல். அவ்வளவுதான். பாடகர் குழாத்தின் மைக்குகளை மொனிட்டருக்குள் அனுப்பவே கூடாது. அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் காற்றிலேயே கேட்கிறது. அந்த மைக்கைத் திரும்ப அவர்கள் முகத்துக்கே அனுப்பினால் கூவல் நிச்சயம். தபேலாவும் வேண்டாம், அது இயல்பாகவே போதிய சத்தம். எக்கோ, ரிவேர்ப் எதுவும் மொனிட்டருக்குள் வரக்கூடாது, கோயில் அதை ஏற்கனவே தாராளமாகத் தருகிறது.

இதற்கு மிக்சரில் "பிரீ ஃபேடர்" ஒக்ஸ் (மொனிட்டருக்கு வேண்டியதை மட்டும் தனியே அனுப்பும் வழி) ஒன்றாவது இருக்கவேண்டும். ஃபேடர் என்பது மக்களுக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி. பிரீ என்றால், மக்களுக்குப் போகும் கீபோட் சத்தத்தை மிக்சரில் இருப்பவர் குறைத்தாலும் பாடகர்களுக்குப் போவது மாறாது. சின்ன மிக்சர்களில் "எஃப்.எக்ஸ்" என்று போட்டிருக்கும் ஒற்றைக் குமிழ் பெரும்பாலும் பிரீ அல்ல; ஃபேடரை இறக்கினால் மொனிட்டரும் இறங்கும், பாட்டின் நடுவில் சுருதி போகும். மொனிட்டருக்கும் மிக்சருக்கும் சேர்த்துக் காசு போதவில்லையானால் மிக்சரை முதலில் வாங்குங்கள், பெட்டியை இரவல் வாங்கலாம்.

வைக்கும் இடம். பாடகர்களின் முதல் வரிசைக்கு முன்னால் ஒரு வாங்கோ மரத்தடுப்போ இருக்கும். அதன் பாடகர் பக்கத்து முகத்தில், நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் பெட்டியைப் பொருத்தி, 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பாடகர் 80 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் காதுக்கு 1.2 மீற்றர் வரும். 90 பாகைப் பெட்டி அந்தத் தூரத்தில் 2.4 மீற்றர் அகலத்தை மூடும். விளிம்பில் ஒலி குறைவதால் பெட்டிக்கு நான்கு பேர் என்று கணக்கிடுங்கள். ஆறு பேர் வரிசைக்கு ஒன்றரை மீற்றர் இடைவெளியில் இரண்டு பெட்டி. இரண்டாம் வரிசைக்கு மூன்று டெசிபெல் அளவு குறையும், பரவாயில்லை. சாய்க்காமல் நேரே வைத்தால் ஒலி முழங்காலுக்குப் போய்விடும். "மொனிட்டர் வைத்தும் கேட்கவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மைக்கின் வகையையும் பாருங்கள். முன்பக்கத்து ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியோயிட் மைக் தன் நேர்முதுகில்தான் மிகக் குறைவாகக் கேட்கும், ஆகவே மொனிட்டர் மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். அதைவிட ஒடுங்கிய கோணத்தில் கேட்கும் சூப்பர் கார்டியோயிட் என்றால் அந்த இடம் முன்பக்கத்திலிருந்து 125 பாகை அளவில், பின்புறம் சற்று ஒதுக்கமாக; நேர்முதுகில் வைத்தால் அது கொஞ்சம் கேட்கும். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டித்தால் கூவலுக்கு முன்னுள்ள இடைவெளி 3 டெசிபெல் குறையும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு மைக் போதும். பாட்டு நடக்கும்போது வாசக மேடை மைக்கை மூடிவிடுங்கள்.

பதிலுரைப் பாடலை வாசக மேடையிலிருந்து பாடுகிறவருக்குத்தான் உண்மையில் அதிகக் கஷ்டம்: கீபோட்டிலிருந்து தூரம், பக்கத்தில் துணைக்குரல் இல்லை. மேடையின் உட்தட்டில் ஒரு 4 அங்குலப் பெட்டியை முகத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மக்களுக்குத் தெரியவே தெரியாது. கீபோட் மட்டும் அதற்குள் போகட்டும், பாடல் முடிந்தவுடன் மூடவேண்டும்.

மறைக்கும் வேலையில் பிழை விடுவது மிக இலகு. பீடச் சீலை, வெல்வெட், திரைச்சீலை எதையும் பெட்டிமேல் போடவேண்டாம். மேல்தொனியைத் துணி விழுங்கிவிடும், பாடலின் சொல் மங்கும். ஸ்பீக்கருக்கென்று விற்கும் மெல்லிய வலைத்துணிதான் வேண்டும்; வாயை வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் மறுபக்கம் வரவேண்டும், அதுவே சோதனை. நிறம் பூசுவதானால் முன்வலையைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள பஞ்சை எடுத்துவிட்டு, ஸ்பிறே பெயின்ரை மெல்லிதாக அடியுங்கள். துளைகள் அடைபடக்கூடாது, ஸ்பீக்கர் கூம்பில் ஒரு துளியும் படக்கூடாது. வாங்குகளைச் செய்த தச்சரிடமே அதே மரத்தில், அதே வார்னிஷில் ஒரு தாங்கி செய்விப்பது எல்லாவற்றிலும் அழகு. அதை நான்கு பக்கமும் மூடிய பெட்டியாகச் செய்யவேண்டாம்: குடத்துக்குள் பேசியதுபோல் ஒலிக்கும், உள் அம்ப் உள்ளதானால் வெக்கையும் வெளியேறாது.

பொருத்தியபின் கூவலைச் சரிசெய்ய அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஞாயிறு பூசைக்கு வைக்கும் அளவில் எல்லா மைக்கையும் திறந்துவிட்டு, ஒக்ஸை மெதுவாக ஏற்றுங்கள். முதல் கூவல் எந்த இடத்தில் என்று ஈகுவலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) தேடுங்கள். "ஊ" என்ற ஓலம் 250 முதல் 500 ஹேர்ட்ஸ், "ஈ" என்ற கீச்சு 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த இடத்தை மட்டும் 3 டெசிபெல் குறையுங்கள். மூன்று நான்கு இடங்களுக்குமேல் வெட்டவேண்டி வந்தால் பிழை பெட்டியின் அல்லது மைக்கின் இடத்தில்தான். கடைசியாக, கூவும் புள்ளியிலிருந்து 6 டெசிபெல் கீழே நிறுத்துங்கள்.

உறுமல் கேட்டால் பிளக்கின் எர்த் முள்ளை யாரும் வெட்டவிடாதீர்கள், உயிராபத்து. கீபோட்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் டி.ஐ. பெட்டி (கீபோட்டின் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்றைப் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும்) சுவிச்சைத் தட்டுங்கள். கீபோட், மிக்சர், அம்ப் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழாது.

குருநகர், பாசையூர் போலக் கடலோரத்துக் கோயில்களில் உப்புக்காற்று செப்பு முனைகளைப் பச்சையாக்கும். சாதாரண ஜக் முனையைவிட திருகிப் பூட்டும் ஸ்பீக்கொன் முனை நீடிக்கும். திருவிழாவுக்கு முன் கோயில் கழுவும்போது நிலத்தில் தண்ணீர் ஓடும். 60 சென்ரிமீற்றர் உயரத்தில் பொருத்தச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். நிலத்தோடு போகும் வயரை வாங்கின் கால்களோடு அரை அடி உயரத்தில் கட்டி ஓட்டுங்கள், நடைபாதையைக் குறுக்கே வெட்ட விடவேண்டாம்.

வாங்கமுன் உள்ளூர் சவுண்ட் சேர்விஸ் ஒன்றிடம் இரண்டு சின்னப் பெட்டியை ஒரு ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன உயரத்திலும் சாய்விலும் வைத்துப் பாருங்கள். வெறும் கோயிலில் சனிக்கிழமை ஒத்திகையில் கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம். ஆட்கள் நிறைந்தால் எதிரொலி குறையும். பூசை முடிந்ததும் இரண்டாம் வரிசையில் நின்றவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குக் கேட்டிருந்தால் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.