செஸ்டர்ஃபீல்டின் முறுக்கிய கோபுரம்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், செஸ்டர்ஃபீல்ட் ஊரில் இருக்கும் புனித மரியாள் மற்றும் சகல பரிசுத்தவான்கள் ஆலயம் பற்றிய கேள்விகளுக்கான இழை இது. கல், மரம், ஈயம், சுண்ணாம்பு பற்றி எதுவும் கேட்கலாம்.

கவிதா: கோபுரம் உண்மையிலேயே முறுக்கியிருக்கிறதா, கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா?

இரண்டும்தான். தரையிலிருந்து உச்சிவரை 228 அடி. கல் கோபுரத்துக்கு மேலே நிற்கும் மரக்கூம்பு ஏறக்குறைய 45 பாகை திரும்பியிருக்கிறது. உச்சி நடுக்கோட்டைவிட்டு 9 அடி 6 அங்குலம் விலகியிருக்கிறது. இதெல்லாம் அளந்து கண்ட கணக்கு. கண்ணை ஏமாற்றுவது ஈயத்தகடுகள். எட்டு முகங்களிலும் தகடுகளை மீன்முள் போலச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். தட்டையான முகமும் நடுவில் பள்ளம் விழுந்ததுபோல் தெரிவதால் முறுக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஓரிடத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஆலயத்தைச் சுற்றி நடந்தால் சாய்வு ஒவ்வொரு பக்கத்திலும் வேறாகத் தெரியும்.

செந்தில்: ஐயா, உலராத பச்சை மரத்தில் கட்டியதால்தான் முறுக்கிக்கொண்டது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

பாதிதான் சரி. அந்தப் பாதியை மட்டும் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வருத்தம்.

கூம்பு ஏறியது 1362 வாக்கில். அன்றைய இங்கிலாந்தில் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துப் பூட்டினார்கள். உலர்ந்த ஓக் உளிக்கு வளையாது. பெரிய உத்தரம் உள்வரை உலர அங்குலத்துக்கு ஓராண்டு என்று பழைய கணக்கு, அதாவது பன்னிரண்டு அங்குலக் கட்டைக்குப் பன்னிரண்டு ஆண்டு. யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1390களில் எழுந்த, லண்டன் அரண்மனை மண்டபமான வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் கூரையும் பச்சை ஓக்தான். அது முறுக்கிக்கொள்ளவில்லை.

வித்தியாசம் சட்டகத்தில் இருக்கிறது. நான்கு கட்டைகளைச் சதுரமாகப் பூட்டித் தள்ளிப் பாருங்கள், சாய்சதுரமாகிவிடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுக்கட்டை கொடுத்தால் அசையாது. செஸ்டர்ஃபீல்ட் கூம்பில் இந்தக் குறுக்குத் தாங்கல் போதவில்லை. மரம் உலரும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் துளைக்குள் கழுந்து (செருகுவதற்காகச் செதுக்கிய கட்டை நுனி) தளர்கிறது, மர ஆணி ஆடுகிறது. தளர்ந்த பூட்டுகளைப் பிடித்துக்கொள்ளச் சாய்வுக்கட்டை இல்லையென்றால் எட்டு மூலைக்கால்களும் ஒரே பக்கமாகச் சாயும். எட்டும் சேர்ந்து சாய்ந்தால் அதுதான் முறுக்கு.

இதன் தலையில் சுமார் 33 டன் ஈயம். வெயில் தென்பக்கத்தை அதிகம் சுடும். இரண்டு மீட்டர் ஈயத்தகடு 40 பாகை செல்சியஸ் சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஓக் நீளவாக்கில் அதில் ஆறில் ஒரு பங்குகூட நீளுமா என்பது சந்தேகம். குளிர்ந்தாலும் ஈயம் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. தன் எடையிலேயே மெல்ல இழுபட்டு ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கீழே நகரும். சுருக்கம், தளர்ச்சி, சுமை, சூடு நான்கும் சேர்ந்த வேலை இது. ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனந்தி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் பட்டறையில் ஈர மரத்தில் கதவுகூடச் செய்ய மாட்டோம். மரம் முறுக்கினால் சட்டகமும் முறுக்கத்தானே செய்யும்?

கதவுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மெல்லிய பலகையில் சுருக்கம் உடனே வளைவாகத் தெரியும். தடித்த உத்தரம் வெடிப்பு விட்டுத் தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும், நேராகவே நிற்கும். தனிக்கட்டை முறுக்குவதும் சட்டகம் முறுக்குவதும் வேறு வேறு.

ஆனந்தி: கட்டையின் நாரே நேராக ஓடாமல் சுற்றிச் சுற்றி ஓடும் சுழல் நாராக இருந்தால்?

நல்ல கேள்வி. சுழல்நார் உள்ள ஓக் உலரும்போது தன் அச்சில் திரும்பும், பூட்டையும் கிழிக்கும். ஆனால் ஒரு கட்டை வலம் திரும்பினால் இன்னொன்று இடம் திரும்பும். எட்டு மூலையும் ஒரே திசையில் போக அது மட்டும் போதாது. சாய்வுக்கட்டை இல்லாத சட்டகம் எந்தப் பக்கம் முதலில் சாய்கிறதோ, அதே பக்கம் பாரம் அதை மேலும் தள்ளும்.

செந்தில்: கொள்ளைநோயில் நல்ல தச்சர்கள் இறந்துபோனதால்தான் என்கிறார்களே?

1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகு கைத்தொழிலாளர் பஞ்சம் இருந்தது உண்மை. ஆனால் முறுக்குக்கு அதுதான் காரணம் என்பது பின்னாளில் வந்த ஊகம். மரத்தில் தெரியும் குறையை மரத்திலேயே தேடுவது நல்லது.

ஜான்சன்: இடைக்கால ‘ஆங்கிலிக்கன்’ ஆலயம் என்று சொல்லலாமா?

கட்டியபோது ரோமுக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்க ஆலயம். அரசரையே திருச்சபைக்குத் தலைவராக்கிய 1534 சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துத் திருச்சபையுடையது. சுவர் மாறவில்லை, உள்ளிருந்தவை மாறின. ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் கல் பலிபீடங்களை எடுத்துவிட்டு மரமேசை வைத்தார்கள், சுவரோவியங்கள் வெள்ளையடிக்கப்பட்டன.

மீனா: விழுந்துவிடுமா?

மரம் சில பத்தாண்டுகளிலேயே உலர்ந்து முடிந்துவிட்டது, அந்தச் சுருக்கம் இனி இல்லை. பயப்பட வேண்டியது மழைநீருக்கும் தீக்கும். 1961 டிசம்பர் 22 அன்று ஆலயத்துக்குள் பற்றிய தீயில் ஆர்கன் என்ற இசைக்கருவி எரிந்துபோனது. கூம்பு தப்பியது.

பாலா: நாங்கள் போகும் பழைய ஆலயத்தில் கற்களுக்கு நடுவே காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

கூடாது. சுவரில் புகுந்த ஈரம் இணைப்பு வழியாக வெளியேற வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் கல் வழியே வெளியேறும், உறைபனியில் கல்லின் முகமே பெயர்ந்து விழும். காரை கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும், தேய்வது அதுவாக இருக்கட்டும்.

முதலில் மறைமாவட்டத்தின் அனுமதி வாங்குங்கள். அது இல்லாமல் ஓர் இணைப்பைக்கூடச் சுரண்டக்கூடாது. பிறகு கை உளியால் இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர், சுரண்டி எடுக்க வேண்டும். மின்சாரச் சுழல் அறுப்பான் கல் விளிம்பைத் தின்றுவிடும், அதைத் தொடாதீர்கள். தூசியைத் துடைத்து நன்றாக நனைத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்து அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கால் சில நாள் மூடி வையுங்கள். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். அவசரமாக உலர்ந்தாலும் பொடியாகும், உறைந்தாலும் பொடியாகும்.

ரவி: கொஞ்சம் சிமெண்ட் கலந்தால் சீக்கிரம் இறுகுமே?

இறுகும். கல் பெயரும். மேலே பார்க்கவும்.

அருண்: பச்சை மரம்தானே காரணம்?

செந்திலுக்கும் ஆனந்திக்கும் எழுதியதைப் படியுங்கள்.

லதா: விழுந்துவிடுமா?

மீனாவின் கேள்விக்குக் கீழே.

ஆனந்தி: கடைசியாக ஒன்று. ஓக் மேல் ஈயம் நேரடியாகப் படலாமா?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்றிருந்தேன். ஓக்கிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அடிப்பக்கமாகவே அரிக்கும். மேலே பார்த்தால் தகடு நன்றாக இருக்கும், புரட்டினால் வெள்ளைப் பொடி. புது ஓக்கில் இது மிக வேகம். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே காற்று போக இடைவெளி வையுங்கள், தகடுகளைச் சிறியதாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் தனியாக நீளவும் சுருங்கவும் விளிம்பை மடித்து விடுங்கள், ஆணியால் நாலாபக்கமும் இறுக்காதீர்கள். இணைப்பை அடைக்கிறேன் என்று அங்கேயும் சிமெண்ட் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஈரச் சிமெண்டும் ஈயத்தை அரிக்கும்.