உதரவிதான ஹெர்னியா: வாசகர் கேள்விகளுக்கு ஒரு குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் பதில்

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். பிறந்தவுடன் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்தானே?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்புதான் உதரவிதானம். கருவின் மூன்றாம் மாதத்துக்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்ட ஓட்டை பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அதன் வழியே குடல், இரைப்பை, சில சமயம் கல்லீரல்கூட மேலே போய்விடும்; இதுதான் உதரவிதான ஹெர்னியா. நுரையீரல் வளர இடமிருக்காது.

ஓட்டையைத் தைப்பது எங்களுக்குப் பெரிய வேலையில்லை. வளராத நுரையீரலும், அதன் ரத்தக்குழாய்களில் ஏறிக்கிடக்கும் அழுத்தமும்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு காலத்தில் பிறந்த கையோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். இப்போது காத்திருக்கிறோம். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வென்டிலேட்டரில் இதமாகக் காற்று கொடுத்து, நிலைமை அடங்கிய பிறகே கத்தியை எடுப்போம். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றடிக்கக் கூடாது. அது குடலை ஊதவைத்து நுரையீரலை இன்னும் நசுக்கும். ஓட்டை பெரிதென்றால் செயற்கை ஒட்டு வைத்துத் தைப்போம். பச்சிளங்குழந்தை ஐசியூவும் குழந்தை சர்ஜனும் உள்ள இடத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் இருக்கும்போதே சரிசெய்ய முடியாதா?

ஓட்டையை அடைப்பதில்லை. நுரையீரல் மிக மோசமாகச் சுருங்கியிருந்தால் மட்டும், சுமார் 28 வாரத்தில் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் சிறு பலூன் வைத்து, 34 வாரம் வாக்கில் எடுப்பார்கள். உள்ளேயே தேங்கும் நீர் நுரையீரலை விரித்து வளரவைக்கும். 2021இல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்த குழந்தைகளில் 40 சதவீதம் பிழைத்து வீடு திரும்பின; செய்யாதவற்றில் 15 சதவீதம். ஆனால் பனிக்குடம் சீக்கிரம் உடைந்து, குறைமாதப் பிரசவமாகும் அபாயம் உண்டு. மிகச் சில மையங்களில்தான் செய்கிறார்கள்.

கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதுதான் காரணமா?

இல்லை அம்மா. மருமகளை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. இதயக் கோளாறோ குரோமோசோம் கோளாறோ கூடவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு வயது 52. எண்டோஸ்கோப்பியில் 'ஹயாட்டஸ் ஹெர்னியா' என்றார்கள். இதுவும் அதுதானா?

பெயரில்தான் உறவு. உணவுக்குழாய் இறங்கும் இயல்பான வழி தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி மேலே நழுவுகிறது. நெஞ்செரிச்சல் இருந்தால் மாத்திரை, எடைக் குறைப்பு, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். பலருக்கு இதுவே போதும்.