கணினிக் கேள்வி பதில்: படத்தின் திகதி எது?

கேள்வி: எனது கைத்தொலைபேசியில் நல்லூர்த் தேர், தங்கையின் மகளுடைய சாமத்திய வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எல்லாப் படங்களும் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மகன், பைதன் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதி அவற்றை ஆண்டு, மாத வாரியாகப் பிரித்துத் தருவதாகச் சொல்கிறான். நம்பிக் கொடுக்கலாமா?
– ஆசிரியை ஒருவர், சாவகச்சேரி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நிரல் எழுதுவது இதில் எளிய பகுதி. ஒரு படத்துக்கு எந்தத் திகதியை உண்மையென்று கொள்வது என்பதுதான் கடினமானது; அதை மகன் முதலில் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

ஒரே படத்துக்கு மூன்று திகதிகள் இருக்கக்கூடும். முதலாவது, கமரா படமெடுத்த கணத்திலேயே கோப்பினுள் எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலில் உள்ளது. இரண்டாவது, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம் என்று கணினி காட்டுவது. மூன்றாவது, கோப்பின் பெயரிலேயே இலக்கங்களாக இருப்பது. புதிதாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஏனெனில் அதைப் பெறுவதற்கு ஒரு வரி போதும். ஆனால் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை மாற்றும்போது அந்த நேரம் மாற்றிய நாளாகவே ஆகிவிடக்கூடும் என்பதால், ஐந்து வருடப் படங்களும் ஒரே மாதத்துக்குள் போய் விழுந்துவிடும். எனவே பில்லோ என்ற பைதன் நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை)க் கொண்டு எக்ஸிஃப் தகவலில் 36867 என்ற இலக்கமுடைய புலத்தை வாசிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். படம் எடுக்கப்பட்ட நேரம் அங்கேதான் இருக்கிறது. அது 2023:08:21 18:05:40 என்ற வடிவில் வரும். விண்டோஸில் கோப்புறைப் பெயருக்குள் முக்காற்புள்ளி இடம்பெற முடியாது; ஆகவே ஆண்டையும் மாதத்தையும் தனியாகப் பிரித்தெடுத்த பின்னரே கோப்புறைக்குப் பெயர் வைக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் வழமையான முறையில் வந்த படங்களில் எக்ஸிஃப் தகவல் இராது; அனுப்பும்போதே அது நீக்கப்பட்டுவிடும். கோப்பின் பெயரில் 20230114 என்பது போன்ற எட்டு இலக்கங்கள் இருப்பது உண்மைதான், ஆனால் அது படம் வட்ஸ்அப் வழியாகக் கைமாறிய நாளே தவிர எடுத்த நாள் அல்ல. ரொறன்ரோவில் நடந்த கலியாணத்தின் படங்கள் இரண்டு மாதம் கழித்து உங்களுக்கு வந்திருந்தால், நிரல் அவற்றைத் தயங்காமல் பிழையான மாதத்தில் வைத்துவிடும். அத்தகைய படங்களுக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை ஒதுக்கிக் கையால் பிரிப்பதையே நான் விரும்புவேன்.

மாதவாரியாகப் பிரிப்பதிலும் எமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடைபெறுவது. ஆடி அமாவாசையை ஒட்டிக் கொடியேறுவதால் ஆண்டுதோறும் ஆங்கிலத் திகதி மாறும். 2023ஆம் ஆண்டில் அது ஓகஸ்ட்டில் தொடங்கிச் செப்டெம்பரில் நிறைவடைந்தது. வெறும் மாதக் கணக்கில் பிரித்தால் கொடியேற்றம் ஓரிடத்திலும் தேர் வேறோரிடத்திலும் கிடக்கும். நிகழ்வின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள் ஆகிய மூன்றையும் நெடுவரிசைகளாக இட்ட ஒரு சிறிய அட்டவணையை நீங்களே தட்டச்சுச் செய்து கொடுங்கள். நிரல் முதலில் அதைப் பார்க்கட்டும். படத்தின் திகதி எந்த நிகழ்வுக்குள்ளும் அடங்காவிட்டால் மட்டும் மாதக் கோப்புறைக்குப் போகட்டும். இந்த வேலையில் தாயின் நினைவும் மகனின் நிரலும் சேர்ந்தால்தான் பயன்.

முதல் தடவையில் எதையும் இடம் மாற்றவோ அழிக்கவோ விடாதீர்கள். எந்தப் படம் எங்கே போகப்போகிறது என்று பட்டியலை மட்டும் திரையில் அச்சிடச் சொல்லுங்கள். அதைப் படித்துத் திருப்தியடைந்த பிறகு நகலெடுக்கலாம். போய்ச் சேரும் இடத்தில் அதே பெயரில் வேறொரு கோப்பு முன்னமே இருந்தால், பைதனின் நகலெடுக்கும் கட்டளை எதுவும் கேளாமல் அதன்மேல் எழுதிவிடும். இரண்டு கைத்தொலைபேசிகளின் படங்களை ஒன்று சேர்க்கும் வீடுகளில் இது நிச்சயம் நேரக்கூடியது. பெயர் மோதினால் இறுதியில் ஓர் எண்ணைச் சேர்க்கும் வரி நிரலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே படம் நாலைந்து தடவை இருக்கிறது. பைதனால் கண்டுபிடித்து அழிக்க முடியுமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: அச்சொட்டாக ஒரே கோப்பு என்றால் எளிது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் அடையாள எண்) கணித்து, ஒத்தவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். இதற்குப் பைதனுடன் வரும் நூலகமே போதும். வட்ஸ்அப்பில் போய் வந்த பிரதி மீளச் சுருக்கப்பட்டிருக்கும் என்பதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கைரேகை வேறாகும். அவற்றுக்குத் தோற்றத்தை ஒப்பிடும் வேறு நூலகங்கள் உள்ளன; ஆனால் அடுத்தடுத்து எடுத்த இரு படங்களையும் அவை ஒன்றெனச் சொல்லக்கூடும். அழிப்பதை நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: 1995 இடப்பெயர்வின்போது அம்மா உடுபுடவையோடு சேர்த்துக் காவிச் சென்று திரும்பக் கொண்டுவந்த அல்பம் ஒன்று எங்களிடம் உள்ளது. அதிலுள்ள படங்களைக் கைத்தொலைபேசியால் பிடித்து வைத்தேன். நிரலோ எல்லாவற்றையும் 2024இல் போட்டுவிட்டது.
– வாசகர், மானிப்பாய்

பதில்: அல்பத்தைப் படம்பிடித்த நாளைத்தான் கமரா அறியும், நிரல் அதற்குமேல் எதையும் ஊகிக்க முடியாது. மூலப் படம் எடுத்த ஆண்டு, படத்தின் பின்புறத்திலோ ஸ்ரூடியோவின் முத்திரையிலோ அம்மாவின் நினைவிலோ இருக்கும். ஒரு விரிதாளில் கோப்பின் பெயர், ஆண்டு, இடம், படத்திலுள்ளவர்களின் பெயர்கள் என்று நிரப்பிக்கொள்ளுங்கள். ஆண்டு நிச்சயமில்லையென்றால் ஒரு நாளைக் கற்பனையாக இடாமல் '1970களில்' என்றே எழுதுங்கள். பொய்யான துல்லியம் பின்னர் உண்மையாகவே நிலைத்துவிடும். அந்த விரிதாளை வாசித்துக் கோப்புறைகளாகப் பிரிப்பது பைதனுக்குச் சில வரிகளே.

பெயர்கள் படத்தோடேயே நிற்க வேண்டுமானால் கோப்பினுள்ளேயும் எழுதி வைக்கலாம். பில்லோவால் படத்தைத் திறந்து மீளச் சேமித்தால் ஜேபெக் மறுபடியும் சுருக்கப்பட்டுத் தரம் குறையும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் படத்தைத் தொடாமல் தகவலை மட்டும் எழுதும். பைதன் நிரலுக்குள்ளிருந்தே அதை அழைக்கவும் முடியும். தமிழில் எழுதும்போது கோப்பினுள் தகவலுக்கென உள்ள எக்ஸ்எம்பி என்ற பகுதியைப் பயன்படுத்துங்கள். அது யூனிகோட்டை ஏற்பதால் அப்புவின் பெயரும் ஊரின் பெயரும் தமிழிலேயே இருக்கும். இந்த நான்கு கேள்விகளில் உங்களுடையதே அவசரமானது. அட்டவணையை அம்மாவோடு இருந்து இந்த மாதமே தொடங்குங்கள். நிரலை எப்போதும் எழுதலாம்.

கேள்வி: கணினி இல்லை. கைத்தொலைபேசியிலேயே இதைச் செய்யலாமா?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: அன்ட்ரொய்ட் என்றால் முடியும். டேர்மக்ஸ் என்ற, கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து இயக்கும் செயலியை நிறுவி, அதற்குச் சேமிப்பகத்தைப் பார்க்க அனுமதி கொடுத்து, அதனுள் பைதனை இறக்கிக்கொள்ளுங்கள். பில்லோவைப் பைதனின் வழமையான கட்டளையால் நிறுவினால் கைத்தொலைபேசியில் அடிக்கடி பிழை காட்டும். டேர்மக்ஸின் சொந்தப் பொதியாகவே அதைப் பெறுவது நல்லது. ஐபோனில் படங்கள் சாதாரணக் கோப்புறைகளாகத் திறந்திராததால் இந்த வழி பொருந்தாது.

அன்ட்ரொய்ட் கலரிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு கோப்புறையையும் ஓர் அல்பமாகக் காட்டும். ஆகவே கோப்புறையைப் பிரித்தாலே அல்பமும் பிரிந்துவிடும். நிரல் ஓடிய பின்னும் கலரியில் மாற்றம் தெரியாவிட்டால் படங்கள் தொலைந்துவிட்டன என்று பயந்து மறுபடி ஓடவிட வேண்டாம். கலரி தன் பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கும். கைத்தொலைபேசியை ஒரு தடவை நிறுத்தி இயக்கினால் பெரும்பாலும் புதுப்பட்டியல் வந்துவிடும்.