இ.எம்.ஐ. ஓடுது, கார் ஓடலை: கேள்வி பதில்

வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் மச்சானோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். கடனில் வாங்கிய பழைய கார், வாரண்டி முடிந்த பிறகு பெரிய செலவு வைத்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

செந்தில், ஈரோடு: அண்ணா, 2016 மாடல் டீசல் கார். டீலரிடம் வாங்கினேன். 5 லட்சம் லோன், 14 சதவீத வட்டி, ஐந்து வருடம். 14 டியூ கட்டியாச்சு. போன வாரம் சேலத்தில் இருந்து வரும்போது டெம்பரேச்சர் முள் ஏறி வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, இன்ஜின் வேலை வரும், 1.40 லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். டீலர் கொடுத்த ஆறு மாத வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. லோன் நாலு லட்சத்துக்கு மேல் நிற்கும்போது இவ்வளவு செலவு செய்யலாமா?

தம்பி, முதலில் 1.40 லட்சத்துக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல்மூடிக்கும் (ஹெட்) கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஹெட்டை இறக்கிப் பார்க்காமல் அந்தத் தொகையை யாராலும் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, விரிசல் இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு? அதற்கு மட்டும் இப்போது சம்மதம் கொடுங்கள். மீதியை ரிப்போர்ட் வந்த பிறகு பேசலாம். ஹெட் லேசாக வளைந்திருந்தால் ஃபேஸிங் போட்டு (பரப்பைச் சமமாகச் சீவி), புது கேஸ்கட் வைத்து முடித்துவிடலாம். பிளாக்கில் கோடு விழுந்திருந்தாலோ, ஆயிலில் கூலன்ட் கலந்து பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறி பேரிங் வரை போயிருந்தாலோதான் ஃபுல் இன்ஜின் வேலை.

இன்னொன்று, கேஸ்கட் தானாகப் போகாது. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, சுற்றாத ஃபேன், இவற்றில் ஏதாவது ஒன்று இன்ஜினைச் சூடாக்கியிருக்கும். அது எது என்று மெக்கானிக் சொல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டு கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே செலவு வரும்.

இப்போது கணக்கு. உங்கள் டியூ மாதம் 11,634 ரூபாய் இருக்க வேண்டும். இதுவரை கிட்டத்தட்ட 1.63 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். ஆனால் அசலில் கழிந்தது சுமார் 88 ஆயிரம்தான், பாக்கி 4.12 லட்சம். ஆரம்ப டியூக்களில் பாதி வட்டிக்கே போய்விடும். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்துபோய்த் தப்பாக முடிவெடுக்கிறார்கள். வண்டியை ரிப்பேர் செய்தாலும் அந்த 4.12 லட்சம் உங்கள் தலையில்தான், அப்படியே விற்றாலும் உங்கள் தலையில்தான். அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விலையை மட்டும் விசாரியுங்கள். நின்ற நிலையில் விற்றால் எவ்வளவு? ஓடும் நிலையில் எவ்வளவு? ரிப்பேர் எவ்வளவு?

உதாரணத்துக்கு, நின்ற வண்டிக்கு 2 லட்சம், ஓடும் வண்டிக்கு 4.25 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.40 லட்சம் செலவு செய்தால் வண்டி மதிப்பு 2.25 லட்சம் கூடுகிறது. செய்யலாம். செலவு இரண்டரை லட்சத்துக்குப் போனால் செய்யக்கூடாது. லோன் எந்த இடத்தில் குறுக்கே வரும் என்றால், கையிருப்பில். நின்ற வண்டியை விற்க வேண்டுமானாலும் லோனை முடித்தாக வேண்டும், அதற்கு 2.12 லட்சம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அந்தப் பணத்தைப் புரட்ட முடியாதவருக்கு ரிப்பேர்தான் மலிவான வழி.

பெயர் வேண்டாம், மதுரை: வண்டியே ஓடாதபோது டியூ எதற்குக் கட்ட வேண்டும்? வண்டி ரெடியாகும் வரை நிறுத்தி வைக்கலாமா சார்?

நிறுத்தாதீர்கள். வண்டி ஓடினால்தான் கட்டுவேன் என்று அக்ரிமென்ட்டில் எங்கேயும் இல்லை. ஒரு டியூ திரும்பினாலே வங்கியும் ஃபைனான்ஸும் தனித்தனியாக பவுன்ஸ் சார்ஜ் போடும், உங்கள் கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால், செக் பவுன்ஸுக்குப் போடுவது போலவே வழக்குப் போட 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கட்டவே முடியாது என்றால், டியூ தேதிக்கு முன்பே கிளைக்கு மெயில் போடுங்கள். தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பவுன்ஸ் ஆவதற்கு முன் கேட்பவருக்கும் பின்னால் கேட்பவருக்கும் உள்ளே கிடைக்கும் மரியாதை வேறு, அதை மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, மிரட்டக்கூடாது. தாமதத்துக்கு அபராத வட்டி போட்டு அதை அசலில் சேர்ப்பதையும் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் இருந்து நிறுத்திவிட்டது, அபராதக் கட்டணம் மட்டும்தான் போடலாம். மீறினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம்.

கார்த்தி, ஓசூர்: பேசாமல் வண்டியை ஃபைனான்ஸிலேயே ஒப்படைத்துவிட்டால் கடன் முடிந்துவிடும் அல்லவா?

முடியாது. ஏலம் விடுவார்கள், ஓடாத வண்டி அடிமாட்டு விலைக்குப் போகும். யார்டு வாடகை, ஏலச் செலவு கழித்த பிறகு விழும் துண்டை உங்களிடம்தான் கேட்பார்கள். விற்பதாக இருந்தால் நீங்களே விற்றுவிடுங்கள். ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் (கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு) வாங்குங்கள், வாங்குபவர் பணத்தை நேராக லோன் கணக்கில் போடட்டும். ஃபைனான்ஸின் ஆட்சேபமில்லாச் சான்றான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வந்ததும் எச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் அடமானப் பதிவு) கேன்சல் செய்து, அப்புறம் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுங்கள். வெறும் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, "டியூவை நான் கட்டிக்கிறேன்" என்று வண்டியை எடுத்துப் போகிறவரை நம்பாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும் வரை விபத்து வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ரேவதி, வேளச்சேரி: மழைத் தண்ணீரில் போனபோது கார் நின்றது. என் கணவர் இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். இப்போது இன்ஜின் ஜாம் என்கிறார்கள். பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருக்கிறது. கிடைக்கும்தானே?

பம்பர் டு பம்பர் என்பது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பதற்கு மட்டும். இன்ஜின் தானாகப் பழுதானால் எந்த மோட்டார் பாலிசியிலும் காசு கிடையாது. ஆனால் உங்களுடையது தானாக வந்த பழுது இல்லை, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பாலிசியில் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே கிளெய்ம் பதிவு செய்யுங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருவதற்கு முன் யாரும் இன்ஜினைப் பிரிக்கக்கூடாது.

அந்தக் கவர் இல்லாவிட்டால் கஷ்டம்தான். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரை அமுக்க முடியாது, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சுற்ற கனெக்டிங் ராடு வளையும். அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கம்பெனி சொல்லும். ஆனாலும் சீட், வயரிங், கார்பெட் என்று தண்ணீர் நேரடியாகக் கெடுத்ததற்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே கேட்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

அருள், தஞ்சாவூர்: கியர்பாக்ஸ் போய்விட்டது. கம்பெனி சர்வீஸில் விசாரித்தால் வண்டி 1.90 லட்சம் கி.மீ.க்கு மேல் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. எனக்கு விற்றபோது மீட்டரில் 88 ஆயிரம். 4.60 லட்சத்துக்கு வாங்கினேன், ஒன்பது மாதம் ஆகிறது. "வாரண்டி முடிஞ்சு போச்சு, உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்கிறார் டீலர்.

இது வாரண்டி விவகாரமே இல்லை, மோசடி. மீட்டரைத் திருப்பி விற்றால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளின்படி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். "உள்ளது உள்ளபடி" என்ற கையெழுத்து, மறைத்து ஏமாற்றியதற்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

வண்டியைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். டீலர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பழைய இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் சேரட்டும். டீலரோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் வண்டியின் நிலை பற்றி ரிப்போர்ட் எடுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போகட்டும். நிறையப் பேர் நோட்டீஸ் பார்த்ததுமே பேச வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழிகாட்டல் வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள்.

வழக்கு நடக்கும்போதும் டியூவைக் கட்டிக்கொண்டே இருங்கள். டீலர் ஏமாற்றியது ஃபைனான்ஸுக்கு எதிரான காரணம் ஆகாது.

நசீமா, ஆம்பூர்: நாங்கள் டீலரிடம் வாங்கவில்லை, தெரிந்த ஒருவரின் சொந்த வண்டி. நாங்களும் இப்படி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?

நுகர்வோர் ஆணையம் சரிப்படாது அக்கா. வியாபாரமாக விற்காத தனிநபரை அங்கே இழுக்க முடியாது. சிவில் நீதிமன்றம்தான், அதுவும் அவருக்குப் பழுது தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும். சின்னத் தொகைக்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள்.

பிரபு, சென்னை: புதுப்பேட்டையில் இதே மாடல் இன்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மாற்றிவிடலாமா?

மாற்றலாம், நல்ல இன்ஜினும் கிடைக்கும். ஆனால் பில் வேண்டும், அதில் இன்ஜின் நம்பர் வேண்டும், எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற காகிதம் வேண்டும். புது நம்பரை ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், லோன் இருப்பதால் ஃபைனான்ஸின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் நாளைக்கு விபத்துக் கிளெய்மில் நம்பர் ஒத்துப்போகாது. அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டியிருக்கும். பில் இல்லை என்கிற கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

விக்னேஷ், திருப்பூர்: 22 ஆயிரம் என்று சொன்ன மெக்கானிக் இப்போது 38 ஆயிரம் கேட்கிறார். பணம் தந்தால்தான் சாவி என்கிறார்.

ஒத்துக்கொண்ட வேலைக்குக் கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு அவருக்கு உரிமை கொடுக்கிறது. உங்களைக் கேட்காமல் செய்த வேலைக்கு அது பொருந்தாது. மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். வண்டி அவசரம் என்றால் "ஆட்சேபத்துடன் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, பில்லோடு கட்டி எடுங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

மாலதி, சேலம்: ஆட்டோமேட்டிக் வண்டி. கம்பெனி வாரண்டி முடிந்து இரண்டே மாதம், கியர்பாக்ஸ் முழுதாக மாற்றணும் என்கிறார்கள். வேறு வழி?

குட்வில் கேளுங்கள். வாரண்டி முடிந்து கொஞ்ச நாளில் பெரிய பாகம் போனால், செலவில் ஒரு பங்கை கம்பெனியே ஏற்பது உண்டு. அது உரிமை இல்லை, சலுகை. எல்லா சர்வீஸையும் அவர்களிடமே செய்திருந்தால் வாய்ப்பு அதிகம். ஷோரூமில் வாயால் கேட்பதோடு நிற்காமல் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கே மெயில் போடுங்கள். கூடவே, முழு கியர்பாக்ஸா, கிளட்ச் மட்டுமா, கன்ட்ரோல் யூனிட் மட்டுமா என்று கேளுங்கள். ஷோரூம்கள் மொத்தமாக மாற்றத்தான் சொல்லும். ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே பார்க்கும் தனிக் கடைகள் பிரித்துச் சரிசெய்வார்கள்.

ஜோசப், நாகர்கோவில்: ரிப்பேருக்கு 90 ஆயிரம் வேண்டும். கார் லோனில் டாப்-அப், பர்சனல் லோன், நகைக் கடன். எது?

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக் கடன். கையில் காசு வரும்போது அடைத்துத் திருப்பிக்கொள்ளலாம். டாப்-அப் (இருக்கும் கார் லோனின் மேலேயே கூடுதல் கடன்) வாங்கினால் எச்.பி. இன்னும் சில வருடம் நீளும், நடுவில் வண்டியை விற்பதும் கஷ்டம். "ஒன்பது பர்சன்ட்தான்" என்று யாராவது சொன்னால் ஃபிளாட்டா, அதாவது அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டியா என்று கேளுங்கள். ஐந்து வருடக் கடனில் 9 சதவீத ஃபிளாட் என்பது குறையும் அசல் கணக்கில் கிட்டத்தட்ட 16.

தினேஷ், விழுப்புரம்: வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது. இந்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது. ரெடியான பிறகு போட்டுக்கொள்ளலாமா?

இப்போதே போடுங்கள். லோன் இருக்கும் வரை முழு இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் கடன் அக்ரிமென்ட்டிலேயே இருக்கும். ஷெட்டில் தீப்பிடித்தாலும் திருடு போனாலும் பாலிசிதான் காப்பாற்றும். 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். தேதி முடிந்த பிறகு புதுப்பிக்கப் போனால் வண்டியை நேரில் பார்த்துத்தான் கொடுப்பார்கள், பிரித்துப் போட்ட இன்ஜினோடு நிற்கும் வண்டிக்கு அது இன்னொரு தலைவலி.