சாமியே பபூன் ஆனால்?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வள்ளி திருமணம் போட்டார்கள். பபூன் மட்டும் இல்லையென்றால் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். கிரேக்க நாடகத்திலும் பபூன் உண்டு என்கிறான் காலேஜில் படிக்கும் பேரன். நிஜமா அண்ணாச்சி?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: பேரன் சொன்னது சரிதான். நானும் உங்கள் கட்சி. சின்ன வயதில் ராஜபார்ட் பாட ஆரம்பித்ததும் ஜமுக்காளத்தில் சுருண்டுவிடுவேன். பபூன் வந்தால் எழுப்பணும் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருப்பேன்.

ஏதென்ஸில் அந்த ஆளுக்கு போமோலொகோஸ் என்று பெயர். பெரிய மனுஷன் பேச்சில் குறுக்கே விழுந்து மானத்தை வாங்குவதுதான் அவன் வேலை. கி.மு. 411-ல் அரிஸ்டோஃபனிஸ் போட்ட நாடகம் ஒன்றில், ஒரு கவிஞரின் வேலைக்காரன் முதலாளி பெருமையை ராகம் போட்டு அளக்கிறான். பக்கத்தில் நிற்கும் கிழவர் அடிக்கு அடி ஆபாசமாக எசப்பாட்டுப் போடுகிறார். சிரிப்பு வருமென்றால் பபூன் தன்னையும் விடமாட்டான், பிறரையும் விடமாட்டான் என்று தத்துவஞானி அரிஸ்டாட்டில் குறை சொல்லி எழுதினார். எனக்கு அது நல்ல சர்டிபிகேட்டாகத்தான் படுகிறது.

ஆனால் அதே அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 405-ல் போட்ட 'தவளைகள்' நாடகத்தை அடிக்க ஆளில்லை. நாடக விழாவே டயனைசஸ் சாமிக்குத்தான். அந்தச் சாமியே அதில் பபூன்! செத்துப்போன கவிஞர் யூரிப்பிடிஸைக் கூட்டிவரப் பாதாளம் போகிறார். வீரன் ஹெரக்ளிஸ் மாதிரி தெரியணுமாம், பெண்பிள்ளைகள் உடுத்தும் மஞ்சள் உடுப்புக்கு மேலே சிங்கத்தோல். வழியில் பேய் என்றதும் வெலவெலத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் பூசாரியையே பார்த்து 'காப்பாத்தும்' என்று அலறுகிறார்.

அப்புறம் பாதாள வாசலில் ஒரு தகராறு: இவரும் இவருடைய அடிமையும் 'நான்தான் சாமி' என்கிறார்கள். சாமிக்கு வலிக்காதே என்று வாசல்காரன் இருவரையும் மாற்றி மாற்றிச் சாட்டையால் விளாசுகிறான். அடி விழுந்ததும் டயனைசஸ் கத்திவிடுகிறார். என்ன என்றால், குதிரைக்காரர்களைப் பார்த்தேன் என்கிறார். கண்ணில் ஏன் தண்ணி? வெங்காய வாடையாம்!

இதற்கு முதல் பரிசும் கொடுத்து, இன்னொரு தடவை போடவும் சொன்னார்கள் ஏதென்ஸ்காரர்கள். நம் பக்கத்துக் கொடையில் சுடலைமாடனை வைத்து இப்படி ஒரு சீன் போட எந்த பபூன் துணிவான்? போடச் சொல்லி நானும் யோசனை தரமாட்டேன். எனக்கும் ஊருக்குள் நடமாடணும்.