குடிபோகும் பழைய வீட்டை நாமே சரிசெய்வதென்றால் எதில் தொடங்குவது?

கூரை ஒழுகலில் தொடங்குங்கள். அடுத்து வயரிங், குழாய், பிறகுதான் பூச்சு. பெயின்ட் கடைசி. ஆசைப்பட்டு முதலிலேயே பெயின்ட் அடித்தால், வயருக்காக அதே சுவரைக் கொத்த வேண்டிவரும்.

ஏமாற்றுவது ஓதம் ஏறிய சுவர்தான். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. சுவரில் வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து உதிருங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். ஓதச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்; பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே சரி. வேறிடத்தில் புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 7 நாள் தண்ணீர் தெளித்து, மொத்தம் 28 நாளாவது போனபின் பெயின்டைத் தொடுங்கள்.